கண்ணாடிக்குள் ஒரு மேய்ச்சல் நிலம்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் முன்கண்ணாடியைச் சில நாள் துடைக்காமல் விட்டால் அதன்மேல் மெல்லிய பச்சைப் படலம் படியும். மறுநாள் காலை, வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால், அந்தப் படலத்தில் வளைந்து வளைந்து செல்லும் தடம் ஒன்று தெரியும். இடமும் வலமுமாக, ஒரே சீரான குட்டிக் குட்டிக் கீறல்கள். இரவெல்லாம் ஒரு ட்ரோகஸ் நத்தை மேய்ந்துபோன வழி அது. ஒவ்வொரு கீறலும் ஒரு கவளம். தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பி ஒரு வாய், வலப்பக்கம் திருப்பி ஒரு வாய், சற்றே முன்னால் நகர்தல். இப்படியே விடியும்வரை.

நத்தையின் வாய்க்குள் ராடுலா என்ற நாடா இருக்கிறது. கைட்டின் என்ற பொருளாலானது. இறாலின் ஓட்டில் இருப்பதும் அதே பொருள்தான். நாடாவின்மேல் வரிசை வரிசையாகப் பற்கள். நத்தை இந்த நாடாவை வெளியே நீட்டிப் பரப்பின்மேல் அழுத்திப் பின்னுக்கு இழுக்கிறது. பற்கள் பாசியை வாரி உள்ளே அனுப்புகின்றன. முன்வரிசைப் பற்கள் தேய்ந்து உதிர உதிர, பின்பக்கத்திலிருந்து புது வரிசைகள் உருவாகி முன்னால் வந்துகொண்டே இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பல் முளைத்துக்கொண்டிருக்கும் உயிர் இது.

எல்லா நத்தைக்கும் ஒரே பல்லமைப்பு கிடையாது. எந்த நத்தை எந்தப் பாசியைத் தின்னும் என்பதன் விடை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ட்ரோகஸ், டர்போ, அஸ்ட்ரேயா ஆகியவற்றின் ராடுலாவில் ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு பல், அதன் இருபுறமும் சில பற்கள், அவற்றுக்கும் அப்பால் இரு விளிம்புகளிலும் விசிறிபோல் விரியும் ஏராளமான மெல்லிய பற்கள். கடினமான பரப்பில் படிந்திருக்கும் படலத்தைக் கூட்டி அள்ளுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஊசிக்கோபுரம்போல் ஓடுள்ள செரித் நத்தைக்கு ஒரு வரிசைக்கு ஏழு பற்கள்தான். மணல் துகள்களுக்கிடையே கிடக்கும் பாசியையும் மட்கையும் அது பொறுக்கித் தின்கிறது. பாறையோடு ஒட்டி வாழும் லிம்பெட் இனங்களுக்கு எண்ணிக்கையில் குறைவான, ஆனால் மிகக் கடினமான பற்கள். அவற்றில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் இழை இழையாக ஓடுகிறது. 2015இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிம்பெட்டின் பல்லை இழுத்துச் சோதித்து, அதுவரை அளக்கப்பட்ட உயிரியல் பொருள்களிலேயே வலிமையானது இதுதான் என்று அறிவித்தார்கள். அந்த இடத்தில் அதற்கு முன்பு இருந்தது சிலந்தி நூல். நத்தைகளின் உறவினரான கைட்டான்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பற்களில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தையே பொதித்து வைத்திருக்கின்றன. ஆய்வாளர் ஹைன்ஸ் லோவென்ஸ்டாம் 1962இல் இதைக் கண்டறிந்தார்.

வீட்டுத் தொட்டியில் இதன் பலன் நேரடியாகவே தெரியும். ட்ரோகஸ் நத்தை கண்ணாடியையும் பாறையையும் மூடும் படலத்தையும் இப்போதுதான் முளைத்த பச்சை நூல்களையும் ஒழுங்காகத் தின்றுவிடும். அதே நூல்பாசி சில சென்டிமீட்டர் வளர்ந்து அலையும் கூந்தலாகிவிட்டால் அதன்மேல் ஏறி மேயத் தடுமாறும். பாறையில் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் பூசினாற்போல் படர்கிற சுண்ணாம்புப் பாசியை ட்ரோகஸின் மெல்லிய பற்கள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நமக்கு அது நல்லதே. அந்தப் பாசி நாம் விரும்பி வளர்ப்பது. பச்சை மணிகளைப்போல் உருண்டிருக்கும் வலோனியாவையும் இறகுபோன்ற பிரயாப்சிஸையும் பெரும்பாலான நத்தைகள் தொடுவதில்லை. தொட்டி நிறைய பிரயாப்சிஸை வளரவிட்டு அதன்மேல் ஐம்பது நத்தைகளைக் கொட்டினால், பாசி இருக்கும், நத்தைகள் பட்டினியால் சாகும்.

கடலில் உள்ள பவளப்பாறைக்கு முதன்முறை முக்குளித்துப் போகிறவர் பலர் கவனிப்பது அங்கே பாசியே இல்லை என்பதை. வெயில் தாராளமாக விழுகிறது, நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, ஒட்டிக்கொள்ளப் பாறையும் இருக்கிறது. ஆனாலும் பச்சை அரிதாகவே கண்ணில் படும். உண்மையில் அங்கே பாசி ஒவ்வொரு மணி நேரமும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. முளைத்த வேகத்திலேயே மீன்களும் கடல் முள்ளெலிகளும் நத்தைகளும் அதைத் தின்றுவிடுகின்றன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மார்க் லிட்லர், டயான் லிட்லர் தம்பதி 1980களில் இதை ஒரு எளிய கட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் நீரிலுள்ள சத்து, மறுபக்கம் மேய்ச்சல். சத்து குறைவு, மேய்ச்சல் அதிகம் என்றால் பவளம் ஆளும். சத்தும் குறைவு, மேய்ச்சலும் குறைவு என்றால் குட்டைப்புல் போன்ற பாசி. சத்தும் அதிகம், மேய்ச்சலும் அதிகம் என்றால் சுண்ணாம்புப் பாசி. சத்து அதிகம், மேய்ச்சல் குறைவு என்றால் தழைத்து அலையும் பெரும்பாசி. இந்த நான்கு கட்டங்களையும் மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவருக்குத் தொட்டி வளர்ப்பைப் பற்றிய பாதிப் புத்தகங்கள் தேவைப்படாது என்றே நான் நினைக்கிறேன்.

மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடல் காட்டியது. 1983 ஜனவரியில் பனாமா கால்வாயின் கரீபியன் வாயிலருகே டயடெமா என்ற நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குள் அந்தச் சாவு ஏறத்தாழ முழுக் கரீபியனையும் சுற்றிவந்துவிட்டது. பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஆலன் புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. மிச்சமிருந்த ஒரே பெரிய மேய்ச்சல்காரன் இந்த முள்ளெலிதான். அதுவும் போனபின், 1970களின் இறுதியில் பாறைப்பரப்பில் 52 விழுக்காடாக இருந்த பவளம் 1990களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சரிந்தது. 4 விழுக்காடாக இருந்த பெரும்பாசி 92 ஆனது. பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் வெளியிட்ட கணக்கு இது. நீரில் சத்து எவ்வளவு கூடியது என்பது பற்றி இன்றும் விவாதம் உண்டு. மேய்கிற வாய்கள் போனதைப் பற்றி விவாதம் இல்லை.

இந்தக் கதையை வீட்டுத் தொட்டிக்குள் கொண்டுவரும்போது ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. தொட்டியிலிருந்து தானாக வெளியே போவது மிகக் குறைவு. கடலில் நத்தை தின்று கழித்ததை அலை இழுத்துப்போகும், வேறொன்று தின்னும், ஆழத்தில் படியும். தொட்டியில் மீனுக்குப் போட்ட தீனியில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீனின் உடம்பிலோ, கழிவிலோ, பாசியிலோ, நீரிலோ பெரும்பாலும் எங்கோ ஓர் இடத்தில் தங்கியிருக்கும். நத்தை பாசியைத் தின்னும்போது அதில் ஒரு பங்கு அதன் சதையாகிறது. மீதி, சிறு குச்சிகளைப்போல் எச்சமாகப் பாறையிடுக்கில் விழுகிறது. பாக்டீரியா அதைப் பிரிக்கிறது. சத்து திரும்பவும் நீரில் கரைகிறது. பாசி திரும்பவும் முளைக்கிறது. ஆக, நத்தை பாசியைக் குட்டையாக வைத்திருக்கிறதே தவிர, சத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துப்போவதில்லை. கண்ணாடி பளிச்சென்று இருக்கும்போதே நீரின் பாஸ்பேட் ஏறிக்கொண்டிருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் நத்தைகளை வாங்கிக் குவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

சத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் மனிதக் கையின் வேலை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளத்தை வீட்டில் வாழவைத்தார். 1961இல் அதை ஓர் இதழில் எழுதினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகிறது என்பது பிறகு விளங்கியது. பாஸ்பேட்டுக்கு அப்படிப் பறந்துபோகும் வழி இல்லை. ஸ்மித்சோனியனில் பவளப்பாறைச் சூழலைத் தொட்டிக்குள் உருவாக்கிய வால்டர் ஏடி அதற்குப் பாசியையே பயன்படுத்தினார். ஒரு வலைத்தட்டில் வெளிச்சம் பாய்ச்சிப் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, வாராவாரம் சுரண்டி எடுத்து வெளியே எறிந்தார். எறிந்த ஒவ்வொரு கைப்பிடியோடும் பாஸ்பேட் வெளியேறியது. இன்று கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், நீர்மாற்றம், தனி அறையில் வளர்த்து அறுக்கும் கீடோமார்ஃபா பாசி என்று பல வழிகள் உண்டு. இவற்றில் ஒன்றாவது ஒழுங்காக நடக்கும் தொட்டியில்தான் நத்தையின் உழைப்புக்குப் பொருள் இருக்கும்.

எத்தனை நத்தை வேண்டும்? ஒரு கேலனுக்கு ஒன்று என்ற கணக்கு அமெரிக்க வணிகத்தில் நெடுங்காலம் புழங்கியது. 75 கேலன் தொட்டிக்கு 75 நத்தைகள் ஒரே பொட்டலமாக வரும். இந்தக் கணக்கை நான் அடியோடு மறுக்கிறேன். நத்தைக்கு உணவு தொட்டியின் கொள்ளளவில் விளைவதில்லை. வெளிச்சம் படும் பரப்பில் விளைகிறது. எவ்வளவு விளையும் என்பது விளக்கின் வலிமை, மீனுக்குப் போடும் தீனி, பாறையின் வயது ஆகியவற்றைப் பொறுத்தது. புதிதாக அமைத்த தொட்டியில் முதல் மாதங்களில் பழுப்புநிற டயாட்டம் படலமும் பிறகு பச்சை நூலும் அலையலையாக வரும். அந்த அலையைப் பார்த்துவிட்டு எழுபத்தைந்தை வாங்கினால், அலை அடங்கியதும் அறுபதுக்கு உணவிருக்காது. வறண்ட மேய்ச்சல் நிலத்தில் மந்தையை அடைத்தது போலத்தான். நத்தை உடனே சாவதில்லை. ஓட்டுக்குள் உடல் சுருங்கியபடி வாரக்கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழும். வாங்கியவர் நோய் என்று நினைப்பார். அது பசி.

சிலதை மட்டும் விட்டுப் பார்ப்பதே சரி. இருநூறு லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு ட்ரோகஸ் போதுமான தொடக்கம். கண்ணாடியில் பச்சைப் படலம் தங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். படலமே காணோம், நத்தைகள் பகலிலும் ஓயாமல் அலைகின்றன என்றால் உணவு போதவில்லை. அப்போது நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டியோ கவ்வியில் பொருத்தியோ வைக்கலாம். பின்கண்ணாடியைத் துடைக்காமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது. அது அவற்றுக்கான நிலம்.

இனத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் ட்ரோகஸின் பக்கம். கவிழ்ந்து விழுந்தாலும் பாதத்தை நீட்டி எதையாவது பற்றி எழுந்துவிடும். கரீபியனிலிருந்து வரும் அஸ்ட்ரேயா கூர்ங்கோபுரம் போன்ற அழகான ஓடு கொண்டது. பாசி தின்பதில் குறைவில்லை. ஆனால் மணலில் மல்லாந்துவிட்டால் தானாக நிமிர அதனால் முடியாது. அப்படியே கிடந்து சாகும், அல்லது ஒரு நண்டுக்கு இரையாகும். அஸ்ட்ரேயா வளர்ப்பவர் நாள்தோறும் மணல்பரப்பைப் பார்த்து விழுந்ததை நிமிர்த்தி வைக்க வேண்டும். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவிலிருந்து வரும் டர்போ, நூல்பாசிக் காட்டையே மொட்டையடிக்கும் வல்லமை கொண்டது. கனமான உடம்பு, ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டே போகும். பெரிய தொட்டி, உறுதியாக ஒட்டிய பவளம் என்றால் மட்டும் அதை வாங்கலாம். செரித் பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வேலை செய்யும். நசாரியஸ் பாசி தின்னாது. மணலுக்குள் இருந்து உறிஞ்சுகுழலை மட்டும் வெளியே நீட்டி மோப்பம் பிடித்து, இறைச்சி வாசனை வந்ததும் மேலே வரும் பிணந்தின்னி அது. நல்ல உயிர்தான், ஆனால் பாசிக்காக அதை வாங்குவதில் பயனில்லை.

மார்கரிட்டா என்ற பெயரில் விற்கப்படும் சிறு நத்தைகளைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். அவை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், குளிர்ந்த நீரில் வாழ்பவை. 26 டிகிரி பவளத் தொட்டி அவற்றுக்குத் தீராத காய்ச்சல். சில வாரம் சுறுசுறுப்பாக மேயும், பிறகு சாகும். அவற்றை வெப்பக்கடல் தொட்டிக்கென்று விற்பது நிறுத்தப்பட வேண்டிய வழக்கம்.

நத்தைக்கு மீனுக்குள்ள தற்காப்பு இல்லை. கடல்மீன் தன் உடலின் உப்பைச் சிறுநீரகத்தாலும் செவுளாலும் சீராக வைத்துக்கொள்ளும். நத்தையின் உடல்நீர் வெளிநீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். சில கடைகளில் மீன்களை மட்டும் வைத்திருக்கும் தொட்டிகளின் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். வீட்டுப் பவளத் தொட்டியோ கடலைப்போல் ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் சட்டென்று போட்டால் திசுக்களிலிருந்து நீர் வெளியேறி நத்தை செயலற்றுப் போகும். ஒரு சிறு குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், நத்தை இருக்கும் பாத்திரத்தில் விட்டுப் பழக்குவதே முறை. இன்னொன்று தாமிரம். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போடுவார்கள். நத்தையின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின், அதன் நடுவில் இருப்பதும் தாமிரமே. ஆனாலும் நீரில் கரைந்த தாமிரம் மிகச் சிறு அளவிலேயே நத்தையைக் கொல்லும். மருந்து போட்ட தொட்டியின் பாறையையும் மணலையும் பவளத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. அவை தாமிரத்தைப் பிடித்துவைத்துப் பிறகு மெல்ல விடும்.

எதிரிகளும் உண்டு. துறவி நண்டு வளர வளரப் பெரிய ஓடு தேடும். கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று ஓட்டை எடுத்துக்கொள்ளும். பல அளவில் வெற்று ஓடுகளைப் போட்டு வைத்தால் இழப்பு குறையும். பிரமிடெல்லா குடும்பத்து ஒட்டுண்ணி நத்தைகள் அரிசிமணியளவே இருக்கும். ட்ரோகஸ், டர்போ ஓடுகளின் விளிம்பில் கூட்டமாக ஒட்டி, ஊசிபோன்ற உறுப்பைச் செருகி உடல்நீரை உறிஞ்சும். புதிதாக வாங்கிய நத்தையின் ஓட்டைப் பல்துலக்கியால் தேய்த்துவிட்டே தொட்டியில் விட வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற நுண்பாசி சளிபோல் பழுப்பாகப் படரும் தொட்டிகளில் நத்தைகள் திடீரென்று உதிரும். அது நஞ்சு சுரக்கும் இனம்.

அசையாமல் கிடக்கும் நத்தை செத்ததா உறங்குகிறதா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். எடுத்து முகர்ந்தால் போதும். செத்த நத்தையின் நாற்றத்தில் ஐயத்துக்கு இடமிருக்காது. உயிருள்ளதாக இருந்தால் தொட்டதும் மூடியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ட்ரோகஸின் மூடி மெல்லிய பழுப்பு வட்டம். டர்போவினுடையது தடித்த சுண்ணாம்புக் குமிழ். செத்ததை அன்றே எடுத்துவிட வேண்டும். சிறு தொட்டியில் ஒரு பெரிய டர்போ அழுகினால் அம்மோனியா ஏறி மற்றவற்றையும் பாதிக்கும்.

எல்லாம் சரியாக அமைந்த தொட்டியில் ஓர் இரவு ட்ரோகஸ்கள் பாறையின் உச்சிக்கு ஏறிப் புகைபோல் எதையோ கக்குவதைப் பார்க்கலாம். ஆண்கள் முதலில் விந்தணுவை நீரில் விடும். அதை உணர்ந்த பெண்கள் முட்டைகளை விடும். நீர் கலங்கிப் போகும். இந்த இனத்தின் குஞ்சுகளுக்கு மஞ்சள்கருவே உணவு. வாய் திறந்து மிதவைகளைத் தேடித் தின்ன வேண்டியதில்லை. சில நாட்களிலேயே நீந்துவதை விட்டு, சுண்ணாம்புப் பாசி படர்ந்த பரப்பில் அமர்ந்துவிடும். ஆகவேதான் வேறு பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் பம்பிலும் ஸ்கிம்மரிலும் அழிந்துபோகும்போது, ட்ரோகஸ் குஞ்சுகள் சில தப்பிப் பிழைக்கின்றன. மாதங்கள் கழித்து மிளகளவு ஓடுகளைப் பின்கண்ணாடியில் காண்பது வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சி. சப்பையான ஓடு கொண்ட ஸ்டோமடெல்லாவோ இன்னும் எளிதாகப் பெருகும். உயிர்ப்பாறையோடு அழைக்காமல் வந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, இரவில் பாறையை மேய்ந்துகொண்டிருக்கும். உணவுக்கேற்பத் தன் தொகையைத் தானே சரிசெய்துகொள்ளும் கூட்டம் அது. அதைப் பூச்சி என்று பிடித்து எறிபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சீக்கிரம் அமரும் இந்தக் குஞ்சுப் பருவம் ட்ரோகஸின் வரலாற்றையும் வடிவமைத்தது. பெரிய ட்ரோகஸின் ஓட்டின் உட்புறம் முத்துப்போல் மின்னும். பிளாஸ்டிக் பரவும் வரை சட்டைப் பொத்தான்கள் ஏராளமாக அந்த ஓட்டிலிருந்து வெட்டப்பட்டன. குஞ்சுகள் வெகுதூரம் மிதந்து போகாததால், ஒரு பாறையில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்புவது கடினம். அதே காரணத்தால், கையால் கொண்டுபோய் விட்ட இடத்தில் தங்கிப் பெருகவும் செய்யும். குக் தீவுகளின் அய்டுடாகிக்கு 1957இல் கொண்டுபோன நத்தைகள் அங்கே ஒரு தொழிலையே உருவாக்கின. இன்று பசிபிக் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் ட்ரோகஸைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறை தேர்ந்திருக்கிறது. வளர்த்த நத்தை கிடைக்கும்போது கடலிலிருந்து பிடித்ததை வாங்கத் தேவையில்லை.

நம் நாட்டில் இது விருப்பம் மட்டுமல்ல, சட்டமும்கூட. அந்தமான் கடலில் பொத்தானுக்காக அள்ளப்பட்ட பெரிய ட்ரோகஸும் பச்சை டர்போவும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் அனைத்துக்கும் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு பவளத் துண்டையோ உயிர்ப்பாறையையோ எடுத்துவந்து தொட்டி அமைப்பது குற்றம். அங்கே குருசடைத் தீவின் பவளங்கள்மேல், வெளிநாட்டிலிருந்து பயிரிடக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்தப் பாறைகளுக்கு அவற்றின் மேய்ச்சல் உயிர்கள் ஒவ்வொன்றும் தேவை. தொட்டி வைக்க விரும்புபவர் செயற்கையாக வார்த்த பாறையில் தொடங்கி, கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இது என்ன இனம், எந்தக் கடலின் எந்த வெப்பத்தில் வாழ்ந்தது, பிடித்ததா வளர்த்ததா. மூன்றுக்கும் பதில் தெரியாத கடையில் நத்தை வாங்க வேண்டாம்.